முதல் காளாஞ்சி யாருக்கு?

கல்முனையில் அக்கரைப்பற்று பஸ் ஏறினால் வலது பக்க ஜன்னலோரம் இடம் பிடிக்க வேண்டும். இடது பக்கம் கடைகள், பள்ளிவாசல்கள், இடைக்கிடை ஒரு கீற்றுக் கடல். வலது பக்கம் பார்த்தால்தான் ஊர் எதனால் வாழ்கிறது என்று தெரியும். சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை என்று ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கிற ஊர்களின் முதுகுப்புறத்தில், மேற்கே மலை மங்கலாகத் தெரியும் வரைக்கும் வயல்வட்டைகள். நான் போனது ஆடி மாதம். சிறுபோக வேளாண்மை முற்றி, சில வட்டைகளில் வெட்டு மெசின் இறங்கியிருந்தது.

பக்கத்துச் சீட்டில் நிந்தவூர்க் காக்கா ஒருவர். எழுபது வயதிருக்கும். கல்முனைச் சந்தையில் வாங்கிய மருந்துப் போத்தலை மடியில் வைத்திருந்தார், வேளாண்மைக்கு அடிக்கிற மருந்து.

"இந்தப் பக்கம் முழுக்கக் கல்லோயாத் தண்ணி, தம்பி. இங்கினியாகலையில கதவு துறந்தா இங்க நம்மட வட்டவிதானைக்குத் தகவல் வந்திரும்."

"அணை கட்டுறதுக்கு முந்தி அங்க என்ன காக்கா இருந்த?"

"காடு."

"காட்டுக்குள்ள?"

"வேடர்மார் இருந்தாங்க எண்டு வாப்பா சொல்லுவார். தேன் கொண்டு வருவாங்களாம், உப்புக்கும் சீலைக்கும் மாத்துறதுக்கு." கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். "இப்ப எங்க இருக்காங்களோ."

களியோடைப் பாலத்தைப் பஸ் கடந்தது. பட்டிப்பளை ஆறு என்று நம் முன்னோர் சொன்ன கல்லோயா கடலுக்குப் போகிற வழிகளில் அதுவும் ஒன்று. அந்த ஆற்றை இங்கினியாகலையில் மறித்துக் கட்டும் வேலை 1949இல் தொடங்கியது. சேனாநாயக்க சமுத்திரம் என்று பெயர் வைத்தார்கள். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன், 1907, 1908 வாக்கில், செலிக்மன் என்ற ஆங்கிலேயரும் அவர் மனைவி பிரெண்டாவும் இந்த ஆற்றின் மேற்புறக் காடுகளில் கற்குகைக்குள் குடியிருந்த வேடர் குடும்பங்களோடு பழகி எழுதிய பெரிய நூல் 1911இல் வெளிவந்தது. அந்தக் காட்டில் ஒரு பகுதி தண்ணீருக்குள் போயிற்று. மிச்சத்தில் ஒரு பகுதி 1954இல் கல்லோயா தேசியப் பூங்கா ஆயிற்று. தண்ணீர் கீழே வந்து, நிந்தவூரிலும் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் நெல்லாகிறது. காக்காவின் வாப்பாவுக்குத் தேன் கொண்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த நெல்லில் பங்கு எதுவும் எழுதப்படவில்லை.

இது யாருடைய நிலமாக இருந்தது என்ற கேள்வியோடு நான் அலைவதற்குக் காரணம் ரொறன்ரோ. நான் ஸ்காபரோவில் குடியிருப்பவன். அங்கே ஒரு தமிழ் நிகழ்ச்சிக்குப் போனால், மங்கல விளக்கு, அகவணக்கம், கனடிய கீதம், தமிழ்த்தாய் வாழ்த்து எல்லாம் முடிந்ததும் ஒரு பிள்ளை ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து ஒரு தாளை வாசிக்கும். நாம் கூடியிருக்கிற இந்த நிலம் மிசிசாகா, அனிஷினாபே, ஹோடினோஷோனி, வெண்டாற் மக்களுடைய பாரம்பரிய நிலம் என்று அதில் இருக்கும். நில ஒப்புகை என்று இப்போது தமிழில் அச்சடிக்கிறார்கள். பிள்ளைக்கு அந்தப் பெயர்கள் வாய்க்குள் நுழையாது. சபைக்கு வடை எப்போது வரும் என்ற யோசனை. நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

ரொறன்ரோ பாடசாலைச் சபை 2016 முதல் இதைக் காலை அறிவிப்போடு நாள்தோறும் வாசிக்க வைத்தது. அவுஸ்திரேலியாவில் இதற்கு இன்னும் மூத்த வரலாறு உண்டு. 1976இல் பேர்த் நகரக் கலைவிழாவுக்கு வந்த பசிபிக் தீவுக் கலைஞர்கள், மண்ணுக்குரியவர்கள் வரவேற்காமல் நாங்கள் மேடை ஏறமாட்டோம் என்று நின்றார்கள். ரிச்சர்ட் வாலியும் ஏர்னி டிங்கோவும் அந்த இடத்திலேயே ஒரு வரவேற்பைச் செய்தார்கள். 2008 பெப்ரவரி 12இல் அந்நாட்டு நாடாளுமன்றத்திலேயே முதன்முறையாக அப்படியொரு வரவேற்பு நடந்தது. மறுநாள் பிரதமர் கெவின் ரட், பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட பழங்குடிப் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டார்.

தம்பிலுவிலில் ஒரு சிறு நூலகத் திறப்பு. அதற்கு எங்கள் ஊர்ச்சங்கத்துக்காரர் கொஞ்சம் காசு சேர்த்திருந்தார்கள். போகிறவன் நான்தான் என்றானதும், "அங்கேயும் போய் ஒரு நில ஒப்புகை வாசிச்சிட்டு வா" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் பகிடிக்குச் சொன்னது. பிளேன் ஏறிய பிறகும் அது எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. வாசிப்பதென்றால் யாருடைய பெயரை?

அக்கரைப்பற்றில் இறங்கி வேறு பஸ். ஆலையடிவேம்பு தாண்டினால் நெரிசல் குறைந்துவிடும். தம்பட்டை, அதற்கடுத்து தம்பிலுவில், அதனோடு ஒட்டிய திருக்கோவில். மண் வெள்ளையாகிவிடும். வளவுகளில் தென்னை. வைகாசியில் வந்திருந்தால் தம்பிலுவில் கண்ணகி அம்மன் கோயிலின் குளிர்த்திக்கு ஊரே திரண்டிருக்கும், வழக்குரை பாடுகிற குரல் இரவெல்லாம் கேட்டிருக்கும். ஆடியில் கூட்டம் முழுக்கத் திருக்கோவில் பக்கம். சித்திரவேலாயுத சுவாமி கோயிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தம் கடலில் நடக்கும். தகப்பனை இழந்தவர்கள் விரதமிருந்து வந்து அலையில் முழுகுவார்கள்.

கோயிலுக்கு அருகில் என் அம்மாவின் வழியில் உறவுக்காரப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். கோயில் காரியங்களில் தலைமுறையாக உரிமை உள்ள குடி. ஸ்காபரோவில் நாங்கள் வாசிக்கிற தாளைப் பற்றி அவருக்கு விளக்கினேன். நன்றாகக் கேட்டார். முகத்தில் ஏளனம் எதுவும் இல்லை.

"நல்ல காரியம், மனே. அவங்கட பேரைச் சொல்லிப்போட்டு என்ன குடுக்கிறீங்க?"

"ஒண்டும் குடுக்கிறல்ல மாமா. சொல்லுறதுதான்."

"அதென்ன? சபையில பேர் சொல்லிக் கூப்பிட்டா அவன் வந்து நிப்பானே. வந்து நிண்டவன வெறுங்கையோட அனுப்பேலுமா?"

அவர் கேட்டது கோயில் உரிமைக்காரர் ஒருவரின் கேள்வி. இந்தக் கரையில் சபை நடுவே பெயர் சொல்வது விளையாட்டல்ல. மட்டக்களப்பிலிருந்து திருக்கோவில் வரை தாய்வழிக் குடிகளின் நாடு. கோயில் திருவிழாவை நாளுக்கொரு குடியும் ஊருமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். பூசை முடிந்து காளாஞ்சி கொடுக்கும்போது யார் முதலில், யார் பிறகு என்பதில் ஒரு அங்குலமும் பிசகக்கூடாது. அன்று மாலை நானும் தூணோரம் நின்று பார்த்தேன். தட்டில் வெற்றிலைச் சுருள், பாக்கு, இரண்டு வாழைப்பழம், தேங்காய்ப் பாதி, மேலே ஒரு பிடி பூ, ஓரத்தில் விபூதி. ஒரு குடியின் பெயர் அழைக்கப்பட்டது. வெள்ளை வேட்டி, இடுப்பில் சால்வை கட்டிய மனிதர் முன்னுக்கு வந்தார். இரண்டு கையாலும் வாங்கி, அந்தத் தேங்காய்ப் பாதியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கடையில் சில்லறைக் காசுக்கு வாங்கலாம் அதை. அது பிந்திக் கிடைத்தது என்பதற்காகக் கோடேறிய குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் உண்டு.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்தில் இதற்குக் குடுக்கை கூறுதல் என்ற வழமையே இருக்கிறது. உரிமைக்காரரை முறைப்படி பெயர் கூறி அழைத்து அவரவர் பங்கைக் கொடுப்பது. முஸ்லிம் ஊர்களிலும் இதே இரத்தம்தான் ஓடுகிறது. அங்கும் குடிகள் தாய்வழியில் வருகின்றன. பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கொரு மரைக்காயர் இருக்கிற முறை அண்மைக்காலம் வரை இந்த ஊர்களில் நிலைத்திருந்தது. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் பேரில் கொடியேறினால் கந்தூரிச் சோறு ஊருக்கெல்லாம் போகும். அக்கரைப்பற்றில் ஆண்டுக்கணக்கில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் இந்த இரண்டு சமூகத்தின் குடி முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருக்கிறார்.

இப்படிப்பட்ட கணக்கில் வேடர் எங்கே?

கதைகளில் இருக்கிறார்கள், அதுவும் முதலிடத்தில். கொக்கட்டிச்சோலையில் தேனெடுக்கக் கொக்கட்டி மரத்தை வெட்டியபோது இரத்தம் கசியக் கண்டு, தன் உடுதுணியால் மூடிக் கட்டியவன் திடகன் என்ற வேடன். சிவலிங்கத்தைக் கண்டவன் அவனே. மண்டூரில் தில்லை மரத்தடியில் வேலைக் கண்டு முதலில் கும்பிட்டவர்கள் வேடர். அங்கே இன்றைக்கும் பூசகரான கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரமில்லாமல் பூசை செய்கிறார், கதிர்காமத்தில் கப்புறாளை செய்வதுபோல. கதிர்காமத்தைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. வள்ளி வேடர் பெண். முருகனே மாப்பிள்ளையாகப் போன இடம் அது. கரையோர ஊர்களின் குடிப் பெயர்களில் வேடக்குடி என்ற ஒன்று அங்கங்கே கேட்கும். களுவங்கேணியிலும் வாகரைப் பக்கத்து ஊர்களிலும் குமார தெய்வத்துக்குச் சடங்கு செய்கிறவர்கள் இன்றைக்கும் தங்களை வேடர் என்றே சொல்கிறார்கள். தமிழ்தான் பேசுகிறார்கள், மீன்பிடிக்கிறார்கள், கூலிக்குப் போகிறார்கள். செலிக்மன் தம்பதியர் நூறு ஆண்டுக்கு முன்பே இவர்களைக் கரையோர வேடர் என்று தனி அத்தியாயத்தில் எழுதி, கப்பற்பேய்க்கு அவர்கள் எடுக்கிற ஆட்டத்தையும் குறித்து வைத்திருக்கிறார்கள்.

தலபுராணம் அவர்களுக்கு முதல் மரியாதை கொடுத்துவிட்டது. காளாஞ்சித் தட்டு வேறு வழியால் போகிறது. தெய்வத்தைக் கண்டவன் வேடன், கோயிலைக் கட்டியவன் அரசன், காணி எழுதி வாங்கியவர்கள் நாங்கள். எங்கள் ஊர்களின் வரலாறு அநேகமாக இந்த மூன்று வாக்கியத்தில் அடங்கும். ரொறன்ரோ மேடையில் அந்தப் பிள்ளை வாசிக்கிற தாளுக்கும் எங்கள் தலபுராணத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று எனக்குத் தட்டியது அந்தத் தூணோரத்தில்தான்.

நிலத்தைப் பற்றிப் பகிரங்கமாகச் சொல்வது தம்பிலுவிலுக்குப் புதிதும் அல்ல. தம்பிலுவில் கல்வெட்டு என்றே ஆய்வாளர் குறிக்கிற ஒரு தமிழ்க் கல்வெட்டு உண்டு. சங்கபோதி பட்டமும் திரிபுவனச் சக்கரவர்த்திப் பட்டமும் தாங்கிய விஜயபாகு என்ற அரசனின் 10ஆம் ஆட்சியாண்டில், தை மாதத்தில், சிவஞானசங்கரர் கோயிலுக்கு வோவில் என்பது கொடுக்கப்பட்டதை அது சொல்கிறது. அரசன் சிங்கள நாட்டவன், கல்லில் எழுத்து தமிழ். இந்தத் தருமத்துக்குக் கேடு செய்தால் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம் சேரும் என்று வழமையான எச்சரிக்கையும் வைத்திருக்கிறார்கள். கொடுத்தவர் யார், பெற்றவர் யார், எந்த ஆண்டு, எந்த மாதம், மீறினால் என்ன என்று எல்லாம் கல்லில் இருக்கிறது. நில ஒப்புகை எழுதுகிறவர்கள் படிக்க வேண்டிய வாசகம் அது. மேடையில் நாங்கள் வாசிக்கிற தாளில் ஆண்டும் இல்லை, கொடையும் இல்லை, மீறினால் என்ன என்பதும் இல்லை. ரொறன்ரோ நிலத்தை 1787இல் மிசிசாகா மக்களிடமிருந்து வாங்கியதாகப் பிரித்தானியர் சொன்ன பத்திரத்தில் நிலத்தின் விவரமே எழுதப்பட்டிருக்கவில்லை. 1805இல் திரும்ப ஒரு பத்திரம், விலை 10 சிலிங். நிலம் ஏறத்தாழ 250,000 ஏக்கர். இரண்டு நூற்றாண்டு கழித்து 2010இல் கனடிய அரசு 145 மில்லியன் டொலர் கொடுத்து அந்த வழக்கைத் தீர்த்தது. இதில் ஒரு வரியையாவது அந்தத் தாளில் சேர்த்தால் சபை நிமிர்ந்து உட்காரும், வடையையும் மறக்கும்.

ஆனால் தம்பிலுவில் கல்லிலும் ஒன்று இல்லை. அரசன் கொடுக்கும் முன் அந்த இடத்தில் யார் நடமாடினார்கள் என்பது.

வெள்ளைக்காரன் வந்ததும் அந்த வெற்றிடத்தைச் சட்டமாக்கினான். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் ஆளில்லா நிலமும் உறுதி காட்டாதவரை முடிக்குரியவை என்றது. வேடரிடம் உறுதி கேட்டால் எதைக் காட்டுவார்கள்? அவுஸ்திரேலியாவில் யாருக்கும் உரியதல்லாத நிலம் என்ற இதே கோட்பாட்டை 1992இல் மாபோ வழக்கில் உயர் நீதிமன்றம் தூக்கி எறிந்தது. இங்கே அரச காணி என்ற பெயரில் அது சுகமாக இருக்கிறது. 1911 குடிசன மதிப்பீட்டில் வேடர் 5,332 பேர். 1963இல் 400. அத்தனை பேரும் செத்துப்போகவில்லை. சிலர் சிங்களவராகவும் சிலர் தமிழராகவும் பதியப்பட்டார்கள். பள்ளிக்கூடத்தில் கேலிக்குப் பயந்து பிள்ளைகள் அந்தப் பெயரை மறைக்கத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு வந்த பல மதிப்பீடுகளில் அவர்களுக்கென்று தனிக் கட்டமே இல்லாமல் போயிற்று.

பிறகு மகாவலித் திட்டம். 1983 நவம்பரில் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது தம்பானை என்ற வேடர் ஊரில் பலர் வேட்டைக் காட்டை இழந்து ஹென்னானிகலைக் குடியேற்றத்துக்கு மாற்றப்பட்டார்கள். காட்டுக்குள் போக அனுமதி எடுக்க வேண்டும் என்ற நிலை. ஆடியில் கதிர்காமத்துக்கு நடக்கிற நம் அடியார்களும் உகந்தையில் நின்று, குமணக் காட்டுப் பாதை எந்தத் தேதியில் திறக்கும் என்று மாவட்டச் செயலகத்தையும் வனசீவராசிகள் திணைக்களத்தையும் எதிர்பார்க்கிறார்கள். வள்ளியின் தாய்வீட்டுக்குப் போக அரசாங்கத்தின் கதவு. அடியாருக்கு ஆண்டில் இரண்டு வாரச் சிரமம் அது, வேடருக்கு வருஷம் முழுக்க.

தம்பானைத் தலைவர் ஊருவரிகே வன்னிலஎத்தோ 1996இல் ஜெனீவாவுக்குப் போய் ஐ.நா.வின் பழங்குடி மக்கள் பணிக்குழுவில் பேசினார். ஐ.நா. பொதுச்சபை 2007 செப்டெம்பர் 13இல் பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியபோது எதிர்த்து வாக்களித்த நாடுகள் நான்கே நான்கு: கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா. இன்று மேடைக்கு மேடை ஒப்புகை வாசிக்கிற நாடுகள் அவை. இலங்கை ஆதரித்து வாக்களித்தது. வீட்டுக்கு வந்து ஒரு சட்டமும் எழுதவில்லை. அரசியலமைப்பில் வேடர் என்ற சொல்லையே காணோம். கண்டிப் பெரஹராவுக்கு வேடர் தலைவர் தேன் கொண்டு வருவது மட்டும் தொலைக்காட்சியில் ஆண்டுதோறும் நன்றாக வரும். எதிர்த்தவர்கள் பிறகு மாறினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கனடா 2021இல் அந்தப் பிரகடனத்தைச் சட்டத்துக்குள் கொண்டு வந்தது.

நம் அம்பாறை மாவட்டத்திலேயே, மஹாஓயாப் பக்கம் பொல்லேபெத்தயில் வேடர் ஊர் இருக்கிறது. அவர்களுடைய முன்னோர் காட்டை ரம்பக்கன் ஓயாப் பகுதியில் சோளச் செய்கைக்காக மகாவலி அதிகாரசபை துப்புரவாக்கக் கொடுக்கிறது என்று, 2020இல் வன்னிலஎத்தோவும் சுற்றாடல் நீதிக்கான மையமும் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ அதற்காக ஒரு சுவரொட்டியாவது ஒட்டப்பட்டதாக நான் கேட்டவர்கள் யாருக்கும் நினைவில்லை. காணி என்றால் கொதிக்கிற ஊர்கள் இவை. 2019இல் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தச் சொல்லித் தமிழர் உண்ணாவிரதம் இருந்ததும், முஸ்லிம்கள் எதிர்ப்புக்குக் கூடியதும் எல்லாருக்கும் நினைவிருக்கிறது.

நூலகத் திறப்பன்று பேசினேன். நீட்டவில்லை. இந்தக் கரையில் முதலில் வேட்டையாடியவர்களும் தேனெடுத்தவர்களும் வேடர், அவர்களுடைய பிள்ளைகள் வாகரையிலும் களுவங்கேணியிலும் பொல்லேபெத்தயிலும் இன்றும் இருக்கிறார்கள், கல்லோயாத் தண்ணீர் வருவது அவர்கள் இழந்த காட்டிலிருந்து என்று சொன்னேன். ஒரு கைதட்டும் இல்லை. இறங்கி வந்ததும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, அப்ப நாங்க எல்லாம் வந்தேறு குடிகளா? இதை நீங்க மேடையில சொன்னா நாளைக்கு அவனவன் எடுத்து எங்கட தலையிலதான் அடிப்பான்."

அந்தப் பயத்தை நான் லேசாக எடுக்கவில்லை. அம்பாறையில் ‘யார் முதலில் வந்தது’ என்பது வரலாற்றுக் கேள்வியாக ஒருபோதும் கேட்கப்படுவதில்லை. 1956 ஜூனில் கல்லோயாக் குடியேற்றங்களில் தமிழர் வெட்டப்பட்டதிலிருந்து அது கத்தியோடு வருகிற கேள்வி. சிங்களவர் தீகவாபி விகாரையைக் காட்டுவார்கள். தமிழர் மட்டக்களப்பு மான்மியத்தைக் காட்டுவார்கள். அந்த ஏடே திமிலர் என்ற குலத்தாரை முக்குவர் துரத்திய கதையைச் சொல்கிறது. முஸ்லிம்கள் 1626இல் கண்டி அரசன் செனரத் கிழக்கில் நாலாயிரம் பேரைக் குடியமர்த்தினான் என்பதையும், அதற்கு முன்பிருந்தே தாங்கள் இருந்ததையும் சொல்வார்கள். மூன்று பேரும் பூர்வீகத்துக்காக மல்லுக்கட்டும் அரங்கில், பூர்வீகம் கேட்டு மல்லுக்கட்டாத நாலாவது ஆளின் பெயரை எடுத்தால் எல்லோருக்கும் சங்கடம்தான்.

ஆசிரியையிடம் சொன்னேன்: வேடர் நமக்கு முன்பிருந்தார்கள் என்று ஒப்புக்கொண்டால் நம் உறுதிக்காணி ஒரு பேர்ச்சும் குறையாது. நம் கோயில் கதையே அதைத்தானே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறது. ஒப்புக்கொள்ளாவிட்டால், நாளைக்கு நம் காட்டையும் களப்பையும் ஆளில்லா அரச காணி என்று ஒருவன் கோடு போட வரும்போது, அந்தக் கோட்பாட்டுக்கு நாமே ஏற்கெனவே கையெழுத்து வைத்தவர்களாக இருப்போம். தெற்கே பாணமையில் 2010இல் ராகம்வெல, சாஸ்திரவெலக் குடிசைகள் எரிக்கப்பட்டு மக்கள் துரத்தப்பட்டது அப்படித்தான். அவர்கள் பெரும்பாலும் சிங்களம் பேசுகிறவர்கள், அவர்களுக்கே அது நடந்தது. ஆசிரியை முழுக்கச் சம்மதிக்கவில்லை. "பாப்பம்" என்றார். ஆனால் வேடரைப் பற்றிய புத்தகம் தமிழில் ஏதும் இருந்தால் நூலகத்துக்கு அனுப்பச் சொன்னார். பண்டிதர் வி.சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ அங்கே இருந்தது, 1964இல் வந்த நூல். அதற்குப் பக்கத்தில் வைக்க இன்னும் பல வேண்டும்.

பெரியவரின் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த சரியான அளவுகோல் அதுதான். கோயில்களில் தலபுராணம் வேடனைச் சொல்லுமானால், திருவிழாவின் ஒரு நாளாவது முதல் காளாஞ்சி வேடர் ஊரிலிருந்து அழைத்து வந்த ஒருவருடைய கைக்குப் போகட்டும். இதற்குச் சட்டமும் வேண்டாம், ஜெனீவாவும் வேண்டாம். கோயில் வண்ணக்கர்மார் கூடி ஒரு கூட்டத்தில் தீர்மானிக்கிற விஷயம். சண்டை வரும், தெரியும். சண்டை பிடிக்காமல் இந்தக் கரையில் யாருக்கும் காளாஞ்சி கிடைத்ததில்லை. கல்லோயாத் தண்ணீரில் விளைவிக்கிற கமக்காரரின் அமைப்புகள், தமிழோ முஸ்லிமோ, பொல்லேபெத்தக் காட்டுக்காக ஒரு தீர்மானம் எழுதி மாவட்டச் செயலகத்துக்கு அனுப்பலாம். நிந்தவூர்க் காக்கா கையெழுத்து வைப்பார் என்றே நினைக்கிறேன்.

ரொறன்ரோவிலும் சிட்னியிலும் லண்டனிலும் இருந்து கிழக்குக்குக் காசு சேர்க்கிற சங்கத்தாருக்கு என் வேண்டுகோள் இது. கட்டடத்துக்கும் கோபுரத்துக்கும் சேர்க்கிற பட்டியலில், வாகரைப் பக்கத்து வேடர் ஊர்ப் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்கும், அந்த ஊர்க் காணி அனுமதிப்பத்திரத்துக்காக அலைகிறவர்களின் சட்டத்தரணிக் காசுக்கும் ஒரு பங்கு எழுதுங்கள். காசு போய்ச் சேர்ந்த பிறகு மேடை ஏறி அவர்கள் பெயரை வாசியுங்கள்.